ஒற்றைப் பிளக்குக்கு நடந்த போர்

வாழ்க யஸ்வந்த். பிச்சாட்டூர் அணைநீர் பருகி வளர்ந்த பெருந்தோளன். வலக்கையில் பேனாவும் இடக்கையில் தூரிகையும் ஏந்தி, எழுத்தும் ஓவியமும் இசையும் ஓருடல் கொண்ட நாவலொன்றைத் தன்னந்தனியே படைத்து, திருப்பதிப் புத்தகக் கண்காட்சியின் கோடிக் கடையில் கொலுவீற்றிருந்த கோமான்.

அந்நாவலின் இறுதி அத்தியாயத்தில் சொல் இல்லை. நீலமலை ஒன்று மட்டுமே. அதன் உச்சியில் விரல் வைத்தால், அட்டைக்குள் ஒளிந்த ஸ்பீக்கரிலிருந்து, இரண்டாண்டுக்கு முன் இறந்துபோன அவன் மனைவி சந்தியா அரிசி களைந்தபடி முனகிய மெட்டு எழும். அதை வேற்றுச்செவி எதுவும் கேட்டதில்லை. இன்று ஒரு செவியேனும் கேட்டாக வேண்டும் என்பதே வீரன் பூண்ட விரதம்.

அந்தோ, பேட்டரி மாண்டது. அம்மூலைக்கு வாய்த்த ஒரே பிளக் பாயிண்ட்டையோ, பக்கத்து ஜூஸ் கடைக் கன்னிகாவின் மிக்ஸி அகழி முதலைபோல் கவ்விக் கிடந்தது.

"கன்னிகா, கலையின் பொருட்டு அந்தப் பிளக்கைத் துறந்தருள்க" என முழங்கினான் யஸ்வந்த்.

"புக்குக்கு எதுக்குண்ணா கரண்டு? கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கோ. ஜூஸுக்கு ஆளுங்க நின்னுகினு கீறாங்க."

மிக்ஸி கர்ஜித்தது. பங்கனபள்ளி மாம்பழங்கள் மத்தகம் பிளந்த களிறுகளெனச் சரிந்தன. மஞ்சட்குருதி கிளாஸ்தோறும் அலைமோதியது. ஈக்கள் பரணி பாடின. வீரன் பொறுத்தான். ஜாரைக் கழுவக் கன்னிகா குழாயடிக்குச் சென்ற அக்கணமே, கோழிக்குஞ்சின்மேல் வல்லூறு வீழ்வதுபோல் வீழ்ந்து, மிக்ஸியின் வாலைப் பிடுங்கி எறிந்து, தன் அடாப்டரை வாளெனச் செருகி, நாவலை விரித்து, நீலமலையின் உச்சியில் வெற்றிவிரலைப் பதித்தான்.

மலை வாய் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். திசையானைகள் செவி சாய்த்தன, ஏழுமலையும் மூச்சடக்கின, ஓசை இல்லை. ஈரேழுலகத் துயரும் படைதிரண்டு வந்து அவன் பெருந்தோளில் பாசறை அமைத்தது.

ஈர ஜாரோடு திரும்பிய கன்னிகா அவனையும் பார்த்தாள், பிளக்கையும் பார்த்தாள்.

"ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுத்தானே கழுவப் போனேன். அத்தப் போடுண்ணா மொதல்ல."

அவளே போட்டாள்.

மலை பாடியது. ஜாரை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜூஸுக்கு நின்றவர்களைக் கையமர்த்திவிட்டு, கன்னிகா முழுசும் கேட்டாள்.

"நல்லா கீது. ஆனா மூக்கு அடச்சிகினு பாடறாங்களே, ஏண்ணா?"

அன்றைக்குச் சந்தியாவுக்குச் சளி பிடித்திருந்தது.