ஒரே ஊசி, ஒரு வாய் வெற்றிலை

விளக்கப் புலியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கீழப்பழுவூர்த் திருவிழாவில் நாயனக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ராகத்தை இழுத்து, உயர்த்தி, உச்சியில் நிறுத்தி, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த நொடியில், உங்கள் விலாவில் ஒரு முழங்கை இடிக்கும். "கவனிச்சீங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். அவரேதான்! கூத்தில் துரியோதனன் சாகும்போது ஏன் சாகிறான் என்று சொல்வார். கல்யாணப் பந்தியில் ரசம் உங்கள் தொண்டையில் இறங்குமுன் அதில் மிளகு தூக்கலா, சீரகம் தூக்கலா என்று பிரித்துவைப்பார். கிரகணத்தன்று இரண்டு எலுமிச்சம்பழங்களைக் கையில் பிடித்து விளக்குகிற மும்முரத்தில் நிலாவையே மறைத்துக்கொண்டு நிற்பார். அவரால் யாருக்காவது கெடுதல் உண்டா? கிடையவே கிடையாது. எதையும் அனுபவிக்க விடமாட்டார், அவ்வளவுதான்.

பெரம்பலூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வைத்திலிங்கம் இந்த இனத்தில் முதல் தரம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி கழிந்துவிட்டது. மழை எட்டிப் பார்க்கவில்லை. ஏரிக்குள் மாடு மேய்ந்தது. அந்தச் சமயத்தில்தான், பினாங்கிலிருந்து ஊர் திரும்பிப் பெரம்பலூரில் ஜவுளிக்கடை போட்டிருந்த லப்பைக்குடிக்காட்டு அப்துல் சுக்கூர், தம்மிடம் தண்ணீரைப் பற்றிய ஒரு கிராமபோன் பிளேட் இருப்பதாகச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்ததாம். யாரோ பிரெஞ்சுக்காரர் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து எழுதினதாம். பாட்டு இல்லை, பக்கவாத்தியம் இல்லை. ஒரே ஆள், ஒரே பியானோ.

வைத்திலிங்கம் பியானோவைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் என்ன? வலது கை அலை, இடது கை ஆழம், நடுநடுவே வருவது வெயில் பட்டு மினுக்குவது என்று ஒரு வாரத்துக்குள் முழு விளக்கமும் தயார். பிளேட்டை மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.

அவர் மனைவி ரத்தினம்மாளுக்கும் ஒரு ஆசை இருந்தது. பிளேட் கேட்கச் சுக்கூர் வீட்டுக்குப் புறப்படும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது வாயைத் தொறக்காம இருப்பீங்களா? தண்ணி சத்தம் கேட்டு எத்தினி மாசமாச்சு! நல்ல ஊசி ஒண்ணுதான் மிச்சம் இருக்காம், சுக்கூர் தம்பி சம்சாரம் ஹஃபீசா சொல்லிச்சு. ஒருவாட்டிதான் ஓட்டலாமாம்."

பிளேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும். மழுங்கின ஊசியை வைத்தால் பிளேட்டைப் பிறாண்டிவிடும். யுத்தத்தில் போன ஊசி இன்னும் கடைகளுக்குத் திரும்பி வரவில்லை.

"நான் என்ன சின்னப் புள்ளையா? பேசல. போதுமா?" என்றார் வைத்திலிங்கம்.

மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இந்த இனத்தார் பொய் சொல்கிறவர்கள் அல்ல. தாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

சுக்கூர் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஹஃபீசாவும் ரத்தினம்மாளும். சுக்கூர் கடைசி ஊசியைப் பொருத்திவிட்டு, பெட்டிக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். பிளேட் ஓடும்போதுதானே பேசக்கூடாது? அதற்கு முன்னால் பேசினால் என்ன குற்றம்?

"போடறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு வார்த்தைங்க," என்று வைத்திலிங்கம் எழுந்தார்.

அந்த இரண்டு வார்த்தை அலையில் தொடங்கி, ஆழத்துக்கு இறங்கி, வெயிலில் காய்ந்து, பிரான்சு தேசத்து வாய்க்கால் வரப்பெல்லாம் சுற்றியது. சுக்கூர் பாவம், மரியாதைக்காரர். பாதிச் சாவியில் கை நின்றுபோக, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. அந்த இருமலின் அர்த்தம் வைத்திலிங்கத்துக்குத் தெரியும். சட்டென்று உட்கார்ந்து, பேச்சுக்கு வழியே இல்லாதபடி வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டார்.

ஊசி இறங்கியது. கூரை ஓரத்தில் சொட்டுகிற மாதிரி ஒன்று, இரண்டு. பிறகு விரல்களெல்லாம் சேர்ந்து கொட்டத் தொடங்கின. அடடா! வைத்திலிங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வந்த வினையே அதுதான். பிடித்துப்போன எதையும் தனக்குள்ளே வைத்துக்கொள்ள அந்த மனுஷருக்குத் தெரியாது. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, ஆனாலும் தாங்கினார். பாதி பிளேட்வரை தாங்கினார் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போது சுருதி இறங்கியது. கொட்டிக்கொண்டிருந்த பியானோ இழுத்தது, குழைந்தது, முனகியது. வைத்திலிங்கம் பாய்ந்தெழுந்து, வெற்றிலையைப் படிக்கத்தில் துப்பினார்.

"கவனிச்சீங்களா? தண்ணி வத்துது பாருங்க! இதாங்க கோடை! நம்ம ஏரிக் கதைங்க இது! எங்கேயோ உக்காந்துகிட்டு எப்படி எழுதியிருக்கான் பாருங்க!"

"சாவி தீந்துபோச்சுங்க அண்ணே," என்று சுக்கூர் ஓடிப்போய்ச் சாவியைச் சுற்றினார். பியானோ வீறிட்டு மேலே ஏறியது.

வேறு யாராயிருந்தாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நம்மவரா?

"வெள்ளம்! வறட்சிக்கப்புறம் வெள்ளம்! நான் சொல்லல?"

வெள்ளத்தை அவர் கரை கட்டி முடித்தபோது பிளேட்டும் முடிந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அது அடங்கியதும் திரைக்குப் பின்னாலிருந்து ரத்தினம்மாளின் குரல் வந்தது.

"தம்பி, பேச்சு முடிஞ்சிருச்சில்ல? இனிமே பிளேட்டைப் போடுங்க."

சுக்கூர் ஊசியைக் கழற்றி, முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"மழுங்கிருச்சுங்க அக்கா. திருச்சியிலயும் ஊசி கெடைக்கல."

எல்லோரும் மெல்ல எழுந்தார்கள். வைத்திலிங்கமும்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரத்தினம்மாள் நாலடி முன்னாலேயே நடந்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. வைத்திலிங்கம் மனசுக்குள் அந்தப் பியானோவைத் தேடிப் பார்த்தார். அலை எங்கே, ஆழம் எங்கே? எங்கே தேடினாலும் அவருடைய குரல்தான் கிடைத்தது. நானும்தானே கேட்கவில்லை என்று நினைத்தபோது அவருக்குத் துக்கமாக இருந்தது.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஓட்டின்மேல் டொக் என்று ஒன்று விழுந்தது. இன்னொன்று. பிறகு படபடவென்று. ரத்தினம்மாள் கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வைத்திலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ரத்தினம், கவனிச்சியா? அந்தப் பக்கம் வுழறதுக்கும் இந்தப் பக்கம் வுழறதுக்கும்..."

அவள் வெற்றிலைத் தட்டை எடுத்தாள். நல்ல அகலமான இலையாக இரண்டு பார்த்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, கல்யாணத்தன்று மடித்த அதே பதவிசோடு மடித்து, தன் கையாலேயே அவர் வாய்க்குள் வைத்து அழுத்தினாள். அவர் மென்றுகொண்டே இருந்தார். மழை பெய்துகொண்டே இருந்தது. இருவரும் கேட்டார்கள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கிறபோதே, பக்கத்தில் சிவனே என்று உட்கார்ந்திருப்பவரை இடித்து, "இதுல என்ன சொல்ல வரார்னா..." என்று நீங்கள் ஆரம்பித்திருந்தால், சற்றுத் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டு வெற்றிலைத் தட்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா?