கல்யாண வண்டியில் வந்த கருத்தரங்கு

பொய்யே சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவரோடு ஒரே வேனில் பயணம் செய்யக் கூடாது. தத்துவம் படித்து நான் கண்டுபிடித்த உண்மை அல்ல இது. தத்துவப் பேராசிரியர்களை உளுந்தூர்பேட்டையில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பியதில் கண்டுபிடித்தது.

அப்போது எனக்கு இருந்த தலைக்கனத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நைனார்பாளையத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். அந்த வீட்டிலிருந்து கிளம்பி எம்.ஃபில். வரை போய்விட்டதால், பால்காரர் பெயர் கேட்டால்கூட "அஞ்சலை, எம்.ஏ., எம்.ஃபில்." என்றுதான் சொல்வேன். (அவர் கடைசிவரை என்னை 'எம்மே அக்கா' என்றுதான் கூப்பிட்டார்.)

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னக் கல்லூரியில் வேலை. தத்துவத் துறை என்றால் நானும் கதவு சரியாக மூடாத ஒரு அலமாரியும். வேலையோ தற்காலிகம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், திரும்பி வந்தால் அலமாரி மட்டும்தான் இருக்குமோ என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போவேன். அந்த வருஷம் முதல்வர் கூப்பிட்டார்.

"மண்டல அளவுல ஒரு தத்துவக் கருத்தரங்கு நடத்திக் காட்டும்மா. நல்லா நடந்தா உன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நானே நிர்வாகத்துல பேசறேன். ஆனா ஆளுங்க வரணும். காலி நாற்காலிங்க முன்னால பேசினா அதுக்குப் பேரு கருத்தரங்கு இல்ல, ஒத்திகை."

'உண்மை என்பது யாது?' என்று தலைப்பு வைத்தேன். அறிவில் நாட்டமுள்ள அனைவரிடமிருந்தும் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று பெருந்தன்மையாக ஒரு வரி சேர்த்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து அச்சகத்தில் அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தேன். அந்த அச்சகக்காரர் அதுவரை கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் தவிர வேறெதுவும் அடித்ததில்லை. வாங்கிப் பார்த்தால் நாலு மூலையிலும் மஞ்சள்.

"இன்னாங்க இது, மஞ்சள் எதுக்கு?"

"மஞ்ச தடவாம அனுப்பினா கருமாதிப் பத்திரிகைன்னு நெனச்சிக்குவாங்கம்மா. மொத மொதலா நடத்துற. நல்லபடியா நடக்கட்டும்."

மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் சென்னை வரை போயின. அனைவரும் என்றதால் அனைவரும் எழுதினார்கள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி, சர்க்கரை ஆலையில் கரும்பு வெட்ட உத்தரவு தருவதாகச் சொல்லித் தராததைப் பற்றி எழுதி, 'இதில் உண்மை எங்கே?' என்று முடித்திருந்தார். (தலைப்புக்குள்தான் வருகிறது, ஒன்றும் சொல்ல முடியாது.) கல்வராயன் மலையில் ஒரு பள்ளி ஆசிரியர், மலையில் பொழுது போவதும் சமவெளியில் மணி போவதும் ஒன்றா என்று அழகாக எழுதியிருந்தார். நகரத்துப் பேராசிரியர்களிடமிருந்தும் சில கட்டுரைகள் வந்தன. அவர்களில் மூத்தவர் சதாசிவம் ஐயா, தும்பைப் பூ போன்ற வெள்ளைத் தலை. எந்த நிலையிலும் பொய் கூடாது என்பதுதான் அவர் கட்டுரை. தலைமையுரைக்கும் அவரையே போட்டேன். விதி அங்கேதான் சிரித்திருக்க வேண்டும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். கருத்தரங்கு நெருங்கிய நேரம் பார்த்து மறியல் அறிவித்துவிட்டார்கள். புளிய மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டதால், பஸ் கிடையாது, லாரி கிடையாது. தியாகதுருகம் பக்கத்து மறியலுக்குத் தலைவர் யாரென்றால், என் அம்மாவின் தம்பி கோவிந்தன் மாமா. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, ஒரே ஒரு வேன். அத மட்டும் வுட்டுடுங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "படிச்ச புள்ளைங்களுக்கு வேலை குடுன்னுதான் நாங்க வெயில்ல உக்காந்துகினு இருக்கோம். நம்ம வூட்டுல படிச்சது நீ ஒருத்தி. நீயே வந்து ரோட்ட வுடுங்கறியே, இது நாயமா?"

"அந்த வேன் வரலன்னா இருக்கற வேலையும் பூடும் மாமா."

மாமா தாடையைச் சொறிந்தார். "சாவு வண்டி, கல்யாண வண்டி, பிரசவ வண்டி, பால் வண்டி. இதுக்கு மட்டுந்தான் வழி வுடறது. உன் வாத்தியாருங்க வண்டி இதுல எது?"

"எதுவும் இல்லையே."

"எதுனா ஒண்ணா ஆக்கிக்கினு வா. நான் கேக்கறப்போ சரியா பதில் சொல்லு. ஜனங்க எதிர்ல நான் ஒனக்குன்னு தனியா எதுவும் செய்ய முடியாது."

யோசித்துப் பார்த்ததில் கல்யாணம்தான் செலவு கம்மி.

கருத்தரங்கு நாள் காலை, பேராசிரியர்கள் ரயிலில் வந்து இறங்கிய உளுந்தூர்பேட்டையில் வேனின் முன்னால் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டினோம். பேராசிரியர்களிலேயே இளையவர் ரகுபதி என்ற ஆராய்ச்சியாளர். 'நான்' என்று ஒன்று கிடையாது, உலகம் வெறும் தோற்றம் என்று கட்டுரை எழுதியவர். அவர் கழுத்தில் மாலையைப் போட்டுக் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். இல்லாத ஒருவருக்கு மாலை போட்டால் என்ன கேடு என்று அவரும் சும்மா இருந்துவிட்டார். பட்டுப்புடவையில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். (கருத்தரங்குக்காகவே வாங்கியது.)

"இந்தத் தோரணம் எல்லாம் எதற்கம்மா?" என்றார் சதாசிவம் ஐயா.

"எங்க ஊர் வரவேற்பு சார்."

எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் முதல் மறியல். டிரைவர் "கல்யாண வண்டி!" என்று கத்தினார். சதாசிவம் ஐயா நல்ல தூக்கத்தில் இருந்ததால் ஆபத்தில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஜன்னல் வழியே தலையை உள்ளே நீட்டினாள். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன சாந்தா அக்கா!

"அடியே அஞ்சல! ஒனக்கா கல்யாணம்? ஊருக்கே சொல்லாம இன்னாடி இது திருட்டுக் கல்யாணம்?"

சுற்றி மறியல்காரர்கள். உண்மையைச் சொன்னால் வண்டி நிற்கும். தலையைக் குனிந்து வெட்கப்பட்டேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் வெட்கப்பட்டதில்லை, பின்னும் இல்லை.

"மாப்ள பேரு இன்னா?" என்றாள் அக்கா.

ரகுபதி நெடுநேரம் யோசித்தார். "அது அவ்வளவு எளிதான கேள்வி இல்லை" என்றார்.

"ரொம்பப் படிச்சவரு போல" என்று சொல்லி அக்கா என் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினாள்.

தியாகதுருகம் வந்தது. சாலையின் குறுக்கே பெரிய புளிய மரம், அதன் மேல் வரிசையாக ஆட்கள், நடுவில் கோவிந்தன் மாமா. என்னைத் தெரியாதவர் போல விறைப்பாக நடந்து வந்து, ஊரே கேட்கிற குரலில் கேட்டார்.

"இன்னா வண்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சதாசிவம் ஐயா விழித்துக்கொண்டார். "கருத்தரங்கு வண்டி" என்றார்.

மாமா கண்ணை மூடித் திறந்தார். "சார், நல்லா யோசிச்சி சொல்லுங்க. இது கல்யாண வண்டிதான?"

"இல்லை. நாங்கள் தத்துவக் கருத்தரங்குக்குப் போகிறோம். இந்தப் பிள்ளை மாப்பிள்ளையும் இல்லை."

"அப்ப மாலை?"

"அதை நானும் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

கூட்டம் எழுந்து வேனைச் சூழ்ந்துகொண்டது. பொய்க் கல்யாணமா என்று ஆளுக்கு ஒரு கத்தல். சதாசிவம் ஐயா நிதானமாக இறங்கி மரத்தின் மேல் ஏறி நின்றார். "பொய் சொல்லி வழி வாங்கிப் போவதைவிட, உண்மையைச் சொல்லிவிட்டு நிற்பது மேல்!" என்றார் கம்பீரமாக.

"அப்ப நில்லுங்க" என்றது கூட்டம்.

நின்றோம். ஐயா சும்மா நிற்கவில்லை. எதற்காக மறியல் என்று விசாரித்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டு, "கேட்பது நியாயம்தான்" என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஐயாவின் வெள்ளைத் தலையைப் பார்த்துத் தயங்கினார். "நீங்க இவங்களோட சேர்ந்தவர் இல்லல்ல சார்? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிச்சிடறேன்."

நான் கும்பிட்டேன். டிரைவர் கும்பிட்டார். மாமாகூடக் கும்பிட்டார். ஐயா நன்றாக யோசித்தார்.

"முற்றிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது" என்றார்.

"ஏத்துங்கய்யா எல்லாரையும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறியல் செய்பவர்களைப் பிடித்தால் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியாக, வாழைக்கன்று கட்டிய எங்கள் வேன், போலீஸ் வண்டிகள் முன்னும் பின்னும் வர, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முந்தின நாள் நடந்த ஏதோ கல்யாணத்தின் பூ ஜோடனை மேடையில் அப்படியே இருந்தது.

நான் ஒரு தூணோரம் உட்கார்ந்து அழுதேன். கல்லூரியில் முதல்வரும், பஸ் இல்லாததால் முந்தின நாளே மலையிலிருந்து நடந்து இறங்கிவிட்ட ஆசிரியரும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை போய்விட்டது. அப்போது மாமா வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவற? ஒனக்கு ஆளுங்கதான வேணும்? மண்டபம் ரொம்பி கீது பாரு. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தனும் வெளிய போவ முடியாது. உன் கூட்டத்த இங்கயே வெச்சிக்க."

இன்ஸ்பெக்டரும், கோஷம் போடுவதைவிட இது பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டு கல்லூரிக்கு ஆள் அனுப்பினார். முதல்வர் மலை ஆசிரியரை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கருத்தரங்கு தொடங்கியது. ரகுபதி, உலகம் வெறும் தோற்றம் என்று வாசித்தார்.

"அப்போ நாங்க வெட்டிப் போட்ட மரம்?" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்.

"அதுவும் தோற்றம்தான்."

"அத கொஞ்சம் இன்ஸ்பெக்டராண்ட எழுதிக் குடுங்க சார், புண்ணியமாப் போவும்."

மண்டபம் அதிர்ந்தது. முதல்வரே சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. நன்றி சொல்ல மேடையேறி ரகுபதிக்குப் பக்கத்தில் நின்றேன். வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது.

சாந்தா அக்கா மளிகைக் கடை போன் வழியாக ஊருக்குச் செய்தி சொல்லியிருக்கிறாள். வயல் பாதையெல்லாம் சுற்றி, வாழைக்கன்று கட்டிய வேன் எந்த மண்டபத்தில் நிற்கிறது என்று விசாரித்து வந்திருந்தது எங்கள் சொந்தம். முன்னால் அப்பா, பின்னால் தாம்பூலத் தட்டுகளோடு அத்தைகள். அப்பா பார்த்தார். கல்யாண மண்டபம். மேடை நிறையப் பூ. பட்டுப்புடவையில் மகள். பக்கத்தில் இன்னும் மாலையைக் கழற்ற மறந்துபோன ஒரு பையன்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமேம்மா" என்றார் அப்பா. கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவர் கையில் புது வேட்டி ஒன்று இருந்தது. மாப்பிள்ளைக்காம்.

அன்றைக்கு முதல் தடவையாக சதாசிவம் ஐயா சரியான நேரத்தில் உண்மை சொன்னார். "ஐயா, சத்தியமாக இது கல்யாணம் இல்லை. உங்கள் மகள் நடத்துகிற கருத்தரங்கு. இத்தனை பேரும் அவள் கூட்டத்துக்கு வந்தவர்கள்." (வாசலில் நின்ற போலீஸைப் பார்த்துவிட்டு, "வந்தவர்கள் என்று முழுமையாகச் சொல்ல முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.)

அப்பா கூட்டத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு மேடையேறி அந்த வேட்டியை ஐயாவின் தோளில் போர்த்தினார். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்க நான் மறந்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

'அரங்கு நிறைந்த கூட்டம். நிகழ்ச்சி முடியும்வரை ஒருவரும் எழுந்து செல்லவில்லை' என்று முதல்வர் நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுத்தார். வேலை நிரந்தரமானது.

போன வருஷம் எனக்கு மெய்யாகவே கல்யாணம் நடந்தது, அதே மண்டபத்தில். (மாப்பிள்ளை வேறு ஆள், பெயர் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.) வாசலில் சதாசிவம் ஐயாவின் கார் வந்து நின்றதும், பந்தி வேலையை அப்படியே விட்டுவிட்டு கோவிந்தன் மாமா குறுக்கே போய் நின்றார்.

"இன்னா வண்டி?"

ஐயா கண்ணாடியை இறக்கினார். தோளில் அப்பா போர்த்திய அந்த வேட்டி, மடிப்புக் கலையாமல்.

"கல்யாண வண்டி" என்றார்.

"மெய்யாவா?"

"மெய்யாக."

"வுடுங்கடா வழிய!" என்றார் மாமா.

இப்போதும் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நின்றால்கூட உள்ளேயிருந்து யாராவது ஒருவர் "இன்னா வண்டி?" என்று குரல் கொடுக்காமல் இருப்பதில்லை. நேற்று வந்தவர் பாவம், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். திருதிருவென்று விழித்தார்.