மோட்டார் பெட்டிக்கு ஒரு நலவிசாரிப்பு

காரைக்குடியில் பைட்டண்ணனைப் போல, வேலை சரியாக முடிந்தால் துக்கப்படுகிற மனிதர் இன்னொருவர் கிடையாது. நான் படிப்பு முடித்துச் சேர்ந்த பட்டறையில், கைபேசிச் செய்தியைப் படித்து வயல் மோட்டாரை ஓட்டும் பெட்டி செய்கிறோம். உள்ளே நகத்தளவு சிப். அதன் நினைவகத்தில் ஒரு பைட்டு இடம் வீணானாலும் அண்ணன் முகம் இழவு வீடாகிவிடும். பெயர் வந்தது அப்படித்தான்.

அவர் கைபேசியில் எல்லோர் பெயரும் ஒற்றை எழுத்துதான். மனைவியும் ‘ம’, முதலாளி மணியும் ‘ம’. ஒருநாள் முதலாளியைக் கூப்பிட்டு, “நேத்துக் கொழம்பையே சுட வச்சிரு, எப்படியும் எனக்கு எறங்காது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சோதனை தேறினால், “தப்பு எங்கயோ ஒளிஞ்சிருக்கு தம்பி” என்பார். போன கோடையில் ஒளிந்திருந்தது வெளியே வந்தது.

நேமத்தான்பட்டிக் கருப்பையா தனியாள், கால் விளங்காதவர். பெட்டி நின்றால் அவர் கடலை வயலுக்குத் தண்ணீர் கிடையாது. அது அடிக்கடி நின்றது. அவர் அனுப்பிய செய்தியைப் பார்த்தோம்: ‘வணக்கம் தம்பி. சாப்பிட்டீகளா? இங்குட்டு வெயில் தாங்கல. கால்வலி அப்படியேதான். மோட்டாரைப் போடுங்க.’ நாங்கள் சோதித்ததோ வெறும் ‘மோட்டாரைப் போடு’. பெட்டி முழுச் செய்தியையும் வாங்கி வைத்த பிறகுதான் அந்தச் சொற்களைத் தேடும். நலவிசாரிப்பிலேயே இடம் நிறைந்து, மூச்சடைத்து நின்றுவிட்டது.

ரெண்டே வார்த்தை அனுப்பச் சொல் என்றார் முதலாளி.

“பெரியவரு மரியாதையாக் கேக்குறாரு. நம்ம பெட்டிக்கு எடம் பத்தலேன்னா அவரா குத்தவாளி?” என்றார் அண்ணன்.

செய்தியைச் சேர்த்து வைக்காமல், வர வர எழுத்து எழுத்தாகப் பார்த்து, பொருந்தாததை உடனே விட்டுவிடும்படி மாற்றினார். ஆடு, மாடு, பேத்தி காதுகுத்து என்று நீட்டி நீட்டி அனுப்பிச் சோதித்தார். மிச்ச நினைவகம் குறையவே இல்லை. கடைசியில் ‘மோட்டாரைப் போடுங்க’ வந்ததும் பெட்டி டக்கென்றது. அண்ணன் கவலையோடு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் கடலை கருகியிருந்தது. கருப்பையா பழைய பெட்டியோடு வந்து நின்றார். திருப்பூரில் இருக்கிற மகள் வீட்டோடு போகிறாராம்.

“வச்சுக்கங்கய்யா. மாத்தித் தாரேன், எம்புட்டுப் பேசுனாலும் இனிக் கேக்கும்” என்றார் அண்ணன்.

“இருக்கட்டும் தம்பி. தண்ணி கேக்க வயல்ல என்ன இருக்கு?”

அந்தப் பெட்டி இப்போது அண்ணன் மேசையில். வேலை நேரத்தில் அதற்குச் சாப்பிட்டீகளா என்று செய்தி அனுப்புகிறார். இது எந்த ஆர்டருக்கான சோதனை என்று முதலாளி கேட்டார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள், நான்தான் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன் என்றேன்.