எருசலேம் காலண்டரும் இரட்டைப் பூட்டும்

டிசம்பர் பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் காலண்டருக்குப் பஞ்சமில்லை. நகைக்கடை தரும், ஜவுளிக்கடை தரும், மளிகைக்கடை அண்ணாச்சியும் முறைத்துக்கொண்டே தருவார். அத்தனையும் சும்மா. சும்மா கிடைப்பதில் என்ன மகிமை இருக்கிறது? அதனால்தான் திரேஸ்புரம் சாலையில் ஒரு மாடி ஹாலுக்கு, காணிக்கை கொடுத்துக் காலண்டர் வாங்க ஊரே படியேறிக்கொண்டிருந்தது.

கொடுத்தவர் பிரதர் ஜெரால்டு. எருசலேமுக்குச் சுற்றுலா போய்வந்தவர். போகும்போது வெறும் ஜெரால்டு, வரும்போது தீர்க்கதரிசி. விமானம் எந்த நாட்டுக்கு மேலே பறந்தபோது மாற்றம் நடந்தது என்று தெரியவில்லை. அவருடைய காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே ஒன்றிரண்டு எபிரேய எழுத்துகள் இருக்கும். அவை ரகசியச் செய்தியாம். அதைப் படிக்கத் தெரிந்தவர் இந்தக் கடற்கரையிலேயே அவர் ஒருவர்தானாம். 'திறந்த வாசல்' என்றால் நல்ல நாள். 'அடைபட்ட வாசல்' என்றால், திறப்பதற்குச் சாவிக் காணிக்கை.

உப்பளம் வைத்திருக்கும் கிருபாநிதி அண்ணாச்சி, மழை எப்போது வரும் என்று பிரதரிடம் கேட்டுத்தான் உப்பு வாரினார். மழை தன் பாட்டுக்கு வந்து கரைத்துவிட்டுப் போனது. "உங்க விசுவாசம் கொஞ்சம் ஈரமா இருந்திருக்கு அண்ணாச்சி" என்றார் பிரதர். அண்ணாச்சி அதற்கும் ஒரு காணிக்கை வைத்தார்.

இந்தக் கூட்டத்தில் முன்வரிசை, ரேச்சலின் அம்மா கிருபாபாய். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கடையில் தரும் காலண்டரில் ராகு காலம் போட்டிருக்கும் இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் சுவரில் மாட்டுவார். "நாம வேதக்காரங்க. நாள் பாக்கது நமக்கு ஆகாது" என்பார். இப்போது அதற்குப் பக்கத்து ஆணியில், எருசலேமிலிருந்து இறக்குமதியான ராகு காலம் தொங்கியது.

ஜனவரியில் கல்யாணம் வைத்திருந்த ரேச்சலுக்கு அந்த ஆணியிலிருந்துதான் வினை வந்தது.

"ஏளா, ஒன் கல்யாண நாளு அடைபட்ட வாசலாம். சாதாப் பூட்டு இல்ல, இரட்டைப் பூட்டாம். சாவிக் காணிக்கையும் செல்லாதாம். தள்ளி வைக்கணும்னு பிரதர் சொல்லுதாரு."

"எம்மா, அனிஷுக்கு மஸ்கட்ல குடுத்த லீவே கொஞ்சம்தான். இத விட்டா அடுத்து எப்பக் கெடைக்குமோ. அவங்க வீட்ல என்ன நெனைப்பாங்க?"

"அதுக்காவ பூட்டுன கதவுல போய் முட்டச் சொல்லுதியா?"

ஞாயிறு கூட்டத்தில் புதிய நாள் கேட்பதாக அம்மா முடிவெடுத்துவிட்டார்.

ரேச்சலுக்கு வாதாட வராது. எதிலும் அவளுக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம். ஒருவேளை பிரதர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தோடுதான் காலண்டர் முன் நின்று, கல்யாண நாளின் கட்டத்திலிருந்த இரண்டு எழுத்துகளையும் உற்றுப் பார்த்தாள். பிறகு தாள்களைப் புரட்டினாள். பிப்ரவரியிலும் அதே இரண்டு எழுத்து. மார்ச்சிலும். சீட்டுப் பணம் கேட்க வருபவரைப் போல, இரட்டைப் பூட்டு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

போனில் தேடினாள். அதே காலண்டர் உடனே வந்து நின்றது. யூதர்கள் தங்கள் பண்டிகை எப்போது என்று பார்த்துக்கொள்ளும் சாதாரணக் காலண்டர். எபிரேயத்தில் எழுத்தையே எண்ணாகவும் எழுதுவார்களாம். ஆக, ரகசியச் செய்தி என்பது அவர்களுடைய தேதி! அடியில், 'இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்மாவின் காலண்டரில் அந்த வரி இருக்கவேண்டிய அடிப்பாகம் கத்தரிக்கப்பட்டிருந்தது. அதே தளத்தில் பூனைப் படம் போட்ட காலண்டரும் இலவசம். அதற்கு இன்னும் தீர்க்கதரிசி அமையவில்லை போலும்.

"போன்ல ஆயிரம் போடுவான். தைரியம் இருந்தா பிரதர்ட்ட வந்து கேளு" என்றார் அம்மா.

தைரியம் இல்லாமலேயே போனாள். ஹால் நிறைந்திருந்தது. அவள் கையில் மூன்று சிறு காகிதத் துண்டுகள். அம்மாவின் காலண்டரிலிருந்து, தேதி வராமல், எபிரேய எழுத்து மட்டும் இருக்கும்படி வெட்டியவை.

"பிரதர், என் கல்யாணத்துக்கு மூணு நாள் வச்சிருக்கோம். எது நல்லதுன்னு படிச்சுச் சொல்லுங்க."

"தேதி இல்லையேம்மா?"

"எழுத்துதான பிரதர் பேசும்?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பிரதரின் கண் எழுத்தில் இல்லை; ரேச்சலின் முகத்தில் இருந்தது. அவள் முதல் துண்டை நீட்டியதும், "ஆஹா, திறந்த வாசல்! பன்னீர் வாசம் வருதே!" என்றார். இரண்டாவதற்கு முகம் சுருங்கியது. "அடைபட்ட வாசல். வேண்டாம்மா." மூன்றாவதற்குக் கைக்குட்டையை எடுத்தார். "கண்ணீர். ஒரே கண்ணீர்."

ரேச்சல் மூன்றையும் வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள். "எழுத்தப் பாருங்கம்மா."

கிருபாபாய் கண்ணாடியை மாட்டினார். பரீட்சையில் காப்பியடித்தவர்களை ஆண்டுக்கணக்கில் பிடித்த கண்கள். "இது மூணும் ஒரே எழுத்துல்லா!"

கிருபாநிதி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஆமா! அதெப்படி பிரதர், ஒண்ணுல பன்னீரு, ஒண்ணுல கண்ணீரு?"

"எழுத்து ஒண்ணுதான். நாளுக்கு நாள் அர்த்தம் மாறும்."

"நாளு எதுன்னு நான் சொல்லவே இல்லையே பிரதர்" என்றாள் ரேச்சல். பையிலிருந்து ஓட்டை விழுந்த ஜனவரித் தாளை எடுத்து விரித்து, அம்மாவிடமிருந்து முதல் துண்டை வாங்கி வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. "பன்னீர் வாசம் வந்துச்சே, அதுதான் நீங்க இரட்டைப் பூட்டுப் போட்ட எங்க கல்யாண நாளு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை சிரித்தது. காணிக்கைப் பெட்டி அருகே நின்றவர்களின் கைகள் சட்டைப் பைக்குத் திரும்பிப் போயின.

பிரதர் தேர்ந்தவர். சட்டென்று இரு கைகளையும் உயர்த்தினார். "சாத்தான் நம்ம நடுவுல குழப்பம் உண்டாக்குதான்! எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபிப்போம்!"

பழக்கம் பொல்லாதது. பாதிப் பேர் மூடியேவிட்டார்கள். பிரதரின் கால் மாடிப்படிப் பக்கம் ஓர் அடி நகர்ந்தது.

கிருபாபாய் எழுந்தார். "நில்லுங்க பிரதர். எம்மக கல்யாணம் அந்த நாள்லதான் நடக்கும். அதுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். வகுப்பறைக் குரல் தானாக வந்தது. "எல்லாரும் கண்ணத் தொறங்க! தொறந்துக்கிட்டு ஜெபிச்சா ஆண்டவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. வேற யாரு கோவிக்கான்னு பாப்போம்."