வக்கீலய்யாவின் பி.சி.ஆர்

"நாலு மணிக்குள்ள ரிப்போர்ட் வந்தாகணும்" என்று இன்ஸ்பெக்டர் அனுசியா போனில் சொன்னபோது தனிப்பிரிவு ஏட்டு விஜயபாண்டியின் வாயில் பாதி உளுந்தவடை இருந்தது. விழுங்க வழியில்லை, துப்ப மனசில்லை. "ம்" என்றார்.

"என்னய்யா ம்? லிங்கேஸ்வரன் வக்கீல் ஐகோர்ட் ஜட்ஜா வரப்போறாரு. லிஸ்ட்ல பேரு இருக்கு. சொந்த ஊர்ல அவரு பி.சி.ஆர் ரெக்கார்டு எப்படின்னு மேல கேக்குறாங்க. கோர்ட்ல யாருக்கு ஆஜரானாருங்கிறது நமக்கு வேண்டாம். அவரு மேல ஏதும் உண்டா, அக்கம்பக்கத்துல எப்படி நடந்துக்கிடுதாரு, அதை மட்டும் விசாரி."

"ம்."

"தப்பா எழுதினே, மறுபடியும் தண்ணியில்லாக் காடுதான்."

வடை தானாகவே இறங்கிவிட்டது.

தீண்டாமைக் கொடுமை வழக்கைப் போலீஸ் பாஷையில் பி.சி.ஆர் என்பார்கள். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் இங்கிலீஷ் பெயரிலிருந்து எடுத்த மூன்று எழுத்து. அதற்குப் பின்னால் கடுமையான சட்டங்கள் எத்தனையோ வந்தும் அந்த மூன்று எழுத்து மட்டும் ஸ்டேஷனை விட்டுப் போக மறுத்துவிட்டது.

தண்ணியில்லாக் காடு என்பது விஜயபாண்டிக்கு வெறும் பேச்சில்லை. முன்பு ஒரு முறை, உயிரோடு இருந்த ஒரு முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு இரங்கல் கூட்டம் நடப்பதாக ரிப்போர்ட் அனுப்பிவிட்டு, கருவேலங்காட்டு ஸ்டேஷன் ஒன்றில் வருடக்கணக்காகக் கிடந்தார். இப்போதுதான் சொந்த ஊரான ராஜபாளையத்துக்கு வந்திருக்கிறார். "இன்னொரு டிரான்ஸ்பர்னா நீங்க மட்டும் போங்க, நான் வரல" என்று மனைவி மாரிக்கனி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

லிங்கேஸ்வரன் விஷயத்தில் அவருக்கு முதலிலிருந்தே தலை சுற்றியது. ஒரு பேப்பர் அவரை 'ஏழைகளின் வழக்கறிஞர்' என்றது. இன்னொரு பேப்பர் 'தீண்டாமை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கே ஆஜரானவர்' என்றது. இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் எழுதுகிறார்களா என்று சந்தேகமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பாதி வக்கீல்கள் நியமனத்தை எதிர்த்துப் பணிக்கு வரவில்லை. மீதிப் பாதி, அவர்கள் வராததைக் கண்டித்துப் பணிக்கு வரவில்லை.

கொரோனாவின் மூன்றாம் அலை ஓய்ந்து, மாஸ்க்குகளெல்லாம் மூக்கிலிருந்து தாடைக்கு இறங்கிவிட்ட மாசி மாதம். விஜயபாண்டி உட்கார்ந்திருந்தது வக்கீல் வீட்டுக்கு நேர் எதிரே உள்ள ஆவுடையம்மாள் டீக்கடையில். விசாரணைக்கு விசாரணை, வடைக்கு வடை.

"ஏன் ஆச்சி, எதுத்த வீட்டு வக்கீலய்யாவுக்கு பி.சி.ஆர் ஏதும் உண்டா?" என்று, வானிலை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

ஆவுடையம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே, "ரெண்டு உண்டு" என்றாள்.

விஜயபாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டா!"

"மொதத் தடவை ஒண்ணுமில்லன்னு விட்டுட்டாக. ரெண்டாவதுல மாட்டிக்கிட்டாரு. வேன் வந்து ஏத்திட்டுப் போச்சுல்லா? மதுரையில பதினாலு நாள் உள்ள வச்சிருந்தாக. யாரையும் பாக்க விடல."

"பதினாலு நாளா?"

"வீட்டம்மாவையும் சேத்துத்தான். வீட்டையே அடைச்சுட்டாக. தெருவுல ஒரு சனம் அவியகூடப் பேசல. ஊரே ஒதுக்கி வச்சிருச்சு."

முதல் வழக்கில் விடுதலை, இரண்டாவதில் ரிமாண்ட், குடும்பத்தோடு உள்ளே, வீட்டுக்கு சீல். இவ்வளவும் எப்படிப் பேப்பர்காரன் கண்ணில் படாமல் போனது? விஜயபாண்டியின் குரல் தானாகக் கீழே இறங்கியது.

"ஆளு எப்படி ஆச்சி? மத்தவங்ககிட்ட எப்படிப் பழகுவாரு?"

"அதைக் கேக்காதீக. நான் டீ கொண்டு போனா வாசலைத் தாண்ட விடமாட்டாரு. எட்ட நில்லும்பாரு. தனி டம்ளர் ஒண்ணு வச்சிருப்பாரு, அதுல ஊத்திட்டுப் போயிரணும். காசைத் திண்டுல வச்சிட்டுத் தள்ளிப் போவாரு. மிச்சச் சில்லறையக் கையில வாங்கமாட்டாரு. தண்ணியத் தெளிச்சுட்டுத்தான் எடுப்பாரு."

"தண்ணியத் தெளிச்சா? இந்தக் காலத்துலயா?"

"இந்தக் காலத்துலதான்."

வக்கீல் வீட்டில் பல வருஷமாக வேலை பார்க்கும் வெள்ளத்தாய் பால் பாக்கெட் வாங்க வந்திருந்தாள். கடைக்குள் ஏறாமல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏட்டையா, தனி டம்ளர்னு பேசிக்கிட்டீகளே…" என்று ஆரம்பித்தாள்.

"செத்த இரும்மா, முக்கியமான போன்" என்று விஜயபாண்டி கையைக் காட்டிவிட்டு இன்ஸ்பெக்டரை அழைத்தார்.

எதிர்முனையில் ஒரே இரைச்சல். இன்ஸ்பெக்டர் ஏதோ மில் தகராறு விசாரணையில், ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே நின்றிருந்தார். விஜயபாண்டி கத்த வேண்டியதாயிற்று. "ரெண்டு பி.சி.ஆர் மேடம்! பதினாலு நாள் உள்ள இருந்திருக்காரு! தனி டம்ளர்! தண்ணி தெளிச்சுத்தான் காசு வாங்குவாராம்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் செல்போன் நிமிர்ந்து நின்றது. ரகசிய விசாரணை என்ற சொல் அப்போதுதான் விஜயபாண்டிக்கு ஞாபகம் வந்தது.

பத்து நிமிஷத்தில் இன்ஸ்பெக்டரே கூப்பிட்டார். "க்ரைம் நம்பர் என்ன? எந்த ஸ்டேஷன்? பேப்பர் இல்லாம நான் மேல என்னத்தைச் சொல்ல?"

"ஆச்சி, இதுக்கெல்லாம் எழுத்துல ஆதாரம் எங்கன இருக்கும்?"

"செட்டியார்பட்டி ஆசுபத்திரியில பியூலா சிஸ்டர்கிட்டக் கேளுங்க. அவதான் எல்லாத்தையும் பதிஞ்சா."

ஆஸ்பத்திரியா? அப்படியென்றால் காயச் சான்று! அடிதடி வேறு நடந்திருக்கிறது! விஜயபாண்டி பைக்கை உதைத்தார். பின்னால் வெள்ளத்தாய், "ஏட்டையா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…" என்று கூப்பிட்டது சைலன்ஸர் சத்தத்தில் கரைந்துபோனது.

செட்டியார்பட்டி ஆஸ்பத்திரியில் பியூலா சிஸ்டர் தலை நிமிராமல், "என்ன வேணும்?" என்றார்.

விஜயபாண்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "பி.சி.ஆர்."

"உக்காருங்க. மாஸ்க்கை இறக்குங்க. அண்ணாந்து பாருங்க."

ரகசியம் சொல்வதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு என்று நினைத்து விஜயபாண்டி அண்ணாந்தார். அடுத்த நொடி ஒரு நீளக் குச்சி மூக்குக்குள் போய் மூளையைத் தொட்டுவிட்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட, மூன்று தும்மல் தும்மினார்.

"எனக்கு இல்ல சிஸ்டர்! வக்கீல் லிங்கேஸ்வரனுக்கு!"

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. உங்க மூக்குல எடுத்தா அவருக்கு எப்படி ரிசல்ட் வரும்?"

தும்மலுக்கு நடுவே விஜயபாண்டிக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. கொரோனா டெஸ்ட்டுக்கும் பி.சி.ஆர் என்றுதான் பேர். பதினாலு நாள். வேன். அடைத்த வீடு. எட்ட நில். தெளித்தது தண்ணியில்லை, சானிடைசர்! அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"கொரோனாவா சிஸ்டர்?"

"நாளைக்குத் தெரியும். அதுவரைக்கும் யார்கிட்டயும் நெருங்காதீங்க" என்றார் பியூலா சிஸ்டர்.

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். மறுமுனையில் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"விஜயபாண்டி" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "டீக்கடையில நீ கத்தினது வீடியோவா வந்துருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசல்ல ரெண்டு கூட்டம் நிக்குது. நீயே போய் அணைச்சுட்டு வா."

கோர்ட் வாசலில் எதிர்ப்பாளர்கள் வேப்பமரத்தடியில், ஆதரவாளர்கள் ஜெராக்ஸ் கடை நிழலில். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மைக் செட்காரர்தான் வாடகைக்கு விட்டிருந்தார். இவர்கள் 'ஒழிக' போட்டால் அவர்கள் குழாயிலும் ஒழிகதான் வந்தது.

விஜயபாண்டி எதிர்ப்புக் கூட்டத்துத் தலைவரின் காதருகே போய், கொரோனா ஞாபகம் வர, இரண்டடி தள்ளி நின்று சொன்னார். "அண்ணாச்சி, அது கேஸு இல்ல. டெஸ்ட்டு."

"டெஸ்ட்டா?"

"ஆமா. ரெண்டாவது டெஸ்ட்டுலதான் மாட்டினாரு."

தலைவர் மைக்கைப் பிடித்தார். "தோழர்களே! நீதிபதிக்கான டெஸ்ட்டில் மாட்டிக்கொண்டவர் நமக்கு நீதிபதியா?"

ஆதரவுக் கூட்டம் ஒரு கணம் திகைத்தது. ஜட்ஜுக்கு டெஸ்ட் வைக்கிறார்களா? அவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் சும்மா இருக்க முடியுமா? "மறுதேர்வு நடத்து! மறுதேர்வு நடத்து!" என்று கிளம்பிவிட்டார்கள்.

"ஐயோ, அது கொரோனா டெஸ்ட்டுய்யா!" என்று விஜயபாண்டி அடித்தொண்டையிலிருந்து கத்தினார். கத்திய வேகத்தில் பெரிதாக ஒரு தும்மலும் வந்தது.

"கொரோனா" என்ற சொல்லும் தும்மலும் மைக்கில் சேர்ந்தே போயின. அடுத்த நிமிஷம் வேப்பமரத்தடியிலும் ஆளில்லை, ஜெராக்ஸ் கடையிலும் ஆளில்லை. மைக் செட்காரர் மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் பில் எழுதிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. புது நம்பர்.

"ஏட்டையாவா? நான் லிங்கேஸ்வரன் பேசுதேன். இன்னைக்கு ஊர்ல எனக்காக நீங்க ரொம்ப அலையுதீங்கன்னு கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வாங்களேன், ஒரு காப்பி சாப்பிடலாம்."

தண்ணியில்லாக் காட்டின் கருவேலமுள் இப்போதே உள்ளங்காலில் குத்துவதுபோல இருந்தது. மாரிக்கனிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே ராஜபாளையம் வந்து சேர்ந்தார்.

ஆனால் வக்கீல் திட்டவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "எவர்சில்வர் டம்ளரை வச்சு என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தீங்களே! அந்தச் சமயத்துல எல்லாரும் உயிர்ப்பயத்துல இருந்தோம். டீக்காரம்மா ஊத்துற டீக்கு, பேப்பர்காரருக்கு, ஏன், என் சொந்த மச்சினனுக்கே தனி டம்ளர்தான். உங்க வீட்டுல வைக்கலியா?"

"வச்சோம் ஐயா. எனக்கே வச்சா என் பொண்டாட்டி."

"அம்புட்டுத்தான். நான் பேதம் பாக்குறவனா இருந்தா எல்லாச் சாதியும் கலந்து கிடக்குற இந்தத் தெருவுல குடியிருக்க முடியுமா?"

எவ்வளவு பெரிய மனுசன், எவ்வளவு எளிமை! கைகழுவிய பிறகு விஜயபாண்டிக்குக் கிடைத்த காப்பி அமிர்தமாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்தே போனில் தட்டினார். 'அன்னார் மீது பி.சி.ஆர் வழக்கு ஏதுமில்லை. தனி டம்ளர் குறித்து விசாரித்ததில் அது முழுக்க நோய்த்தடுப்பு நடவடிக்கை எனத் தெரிய வருகிறது. நடத்தை நன்று.' ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பார்த்து அனுப்பினார்.

உடனே இன்ஸ்பெக்டரிடமிருந்து பதில் வந்தது. 'வெரி குட். மேல அனுப்பியாச்சு. நீ ராஜபாளையத்துலயே இரு.'

இத்தனை நாளில் விஜயபாண்டிக்கு இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை. வக்கீலைக் கும்பிட்டுவிட்டு, பைக் நிறுத்தியிருந்த பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியே வந்தார். கொல்லைக் குழாயடியில் வெள்ளத்தாய் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுக் குத்தவைத்திருந்தாள். காம்பவுண்டுச் சுவர் இடுக்கில் கவிழ்த்திருந்த நசுங்கிய டம்ளரை அவள் எடுத்து நீட்ட, வக்கீல் வீட்டம்மா அடுப்படிப் படியில் நின்றபடியே உயரத்திலிருந்து காப்பியை ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

நல்ல மனநிலையில் இருந்த விஜயபாண்டிக்குக் கேலி பேசத் தோன்றியது. "ஏம்மா, கொரோனாதான் போயிருச்சே. இன்னுமா இந்த வீட்டுல தனி டம்ளரை விடல? ஆமா, காலையில இருந்து என்னமோ சொல்ல வந்தியே, என்னது?"

வெள்ளத்தாய் காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"அதத்தான் ஏட்டையா சொல்ல வந்தேன். கொரோனாவுலதான் எல்லாருக்கும் தனி டம்ளர் வச்சாக. எனக்கு, நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே வச்சுட்டாக."