திருகாணிக்கு முதலிடம்

ஒரு காட்டில் மழைக்குப் பஞ்சம் உண்டு, நிபுணர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மனுசப்பயல்கள் ஏவிவிட்டு மறந்துபோன ராக்கெட் குப்பையெல்லாம் அந்தக் காட்டுக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. கழுகு வலையோடு பறந்துபோய்க் கோடைக்கு ஒன்றைத்தான் அப்புறப்படுத்தும். அதற்குமேல் மூச்சு வாங்கும். எதை முதலில் எடுப்பது என்று சொல்ல ஆந்தை, கரடி, முதலை மூவரையும் சிங்கராஜா நியமித்தார்.

பூவாத்தா முயல் தினமும் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். பழைய எரிபொருள் டாங்க் ஒன்று நாளுக்கு நாள் தாழ்ந்து, அவள் வளைக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. வளைக்குள் கண் திறக்காத குட்டிகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாள், பாவம்.

நிபுணர்கள் ஆளுக்கொரு வரிசை போட்டார்கள். கண்ணைக் கூசவைக்கும் கண்ணாடித் தகடுதான் முதல் ஆபத்து என்றது ஆந்தை. தன் தேன்கூட்டையே முறைக்கிற கேமரா என்றது கரடி. தான் வெயில் காயும்போது நிழல் போடும் இரும்புச் சட்டம் என்றது முதலை. மற்றவர் சொன்னதை இரண்டாவதாகப் போட்டால் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடுமே! அதனால் மூவருமே இரண்டாவது இடத்தில், யார் வம்புக்கும் போகாத ஒரு திருகாணியை வைத்தார்கள். டாங்க் கடைசி.

சிங்கராஜாவின் கணக்குப்பிள்ளை நரி மூன்று வரிசையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தது. "சராசரியில் திருகாணிதான் முதலிடம்."

"திருகாணி தலையில விழுந்தா தடவிக்கிட்டுப் போயிருவேன், நரியண்ணே. டாங்க் விழுந்தா?" என்றாள் பூவாத்தா.

"உனக்கென்னம்மா தெரியும்? மூணு பேரும் ஒத்துப்போன ஒரே ஆபத்து அதுதான்."

பூவாத்தா நேரே நிபுணர்களிடம் போனாள். "ஐயா, உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கிறேன். என் வளை வாசல்ல மேடை, மாலை, ஆளுக்கொரு நாற்காலி. கழுகை அங்கிருந்தே வழியனுப்பலாம்."

மாலை என்றதும் மூவரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். திருகாணியின் பயங்கரத்தைப் பற்றி ஆந்தை பேசிக்கொண்டிருக்கும்போது கரடி தற்செயலாக அண்ணாந்து பார்த்தது.

"அதென்னம்மா, உச்சந்தலைக்கு நேரே?"

"நீங்க கடைசியில போட்டீங்களே, அதுதாங்க."

மேடையிலேயே அவசரக் கூட்டம் நடந்தது. மாலை வாடுவதற்குள் புது வரிசை தயார். மூவருக்கும் டாங்க்தான் முதல். கழுகு அன்றைக்கே அதை வலைபோட்டு இழுத்துக் கடலில் தள்ளியது. பூவாத்தா குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போதெல்லாம் அந்தக் காட்டில் யார் வீட்டுக்கு மேலே எது தாழ்ந்தாலும் முறையிட யாரும் போவதில்லை. நிபுணர்களுக்கு மேடை போட்டுவிடுகிறார்கள்.

நீதி: தலைக்கு மேல் ஆபத்து வந்தால் நிபுணரிடம் மனுக் கொடுக்காதே, அதற்கு நேர் கீழே அவருக்கொரு நாற்காலி போடு.