கேட்டுக்கு வெளியே செயலாளர்

காவல் சாவடி,
எங்கள் தாமான் குடியிருப்பு,
குளுவாங்.
சனிக்கிழமை மத்தியானம்.

பாலோவில் வாழும் மதிப்பிற்குரிய மச்சான் குணாளன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கஸ்தூரியின் கணவன் கனகராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியமெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். என் கைப்பேசியும் வீட்டுக்குள்தான் இருக்கிறது, உங்கள் எண் எனக்கு மனப்பாடமில்லை. பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் பாலோ பக்கம் போகிறாராம். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் மனித சுதந்திரத்துக்காக வாயைத் திறக்கத் தயங்காதவன் என்பது உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுக் கடையில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, சிகரெட்டே பிடிக்காத நான்தான் அதிகமாகச் சத்தம் போட்டேன். பிளாஸ்டிக் பை கிடையாது என்றபோது கத்திரிக்காயைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துவந்து என் எதிர்ப்பைக் காட்டினேன். அப்படிப்பட்ட என்னைக் குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டார்கள். பதவி வந்த பிறகு பார்த்தால், மச்சான், சட்டம் போடுவது அவ்வளவு கெட்ட காரியமாகத் தெரியவில்லை. திருட்டு பயம் என்று சொல்லி வாசலில் தடுப்புக் கம்பு போட்டு, நேபாளத்துக் காவலர் ஒருவரை நிறுத்தி, கைப்பேசியில் ஒரு செயலியையும் கொண்டுவந்தேன். கைப்பேசியைக் காட்டினால் உள்ளே போகலாம். கைப்பேசி இல்லாமல் வருகிறவர் யாராக இருந்தாலும் வருகையாளர்தான், வீட்டிலிருப்பவர் ‘அனுமதி’ என்பதை அமுக்கினால்தான் கம்பு உயரும். அந்த அமுக்கும் அதிகாரத்தை, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ரூபேந்திரன், “அப்பா போனை எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துடுவாரு லா” என்று சொல்லி, அவன் அம்மாவின் கைப்பேசியில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். வேலிக்கு வெளியே யாரும் செடி வைக்கக் கூடாது என்று போன மாதம் ஒரு விதி போட்டிருந்தேன். எதிர் வீட்டுச் சீனப் பாட்டியின் பாண்டான் செடியைப் பிடுங்கச் சொன்னதும், அந்த அம்மாள் வேலிக்கு வெளியே நின்ற எங்கள் வீட்டுக் கருவேப்பிலை மரத்தைக் கையால் காட்டினார். நாலு பேர் பார்க்கிறார்கள். செயலாளருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? வெட்டுக்கத்தியை எடுத்து அடியோடு சாய்த்துவிட்டு, எல்லோரும் கைதட்டிய சந்தோஷத்தில் தேத்தண்ணி குடிக்க வெளியே நடந்து போனேன். அந்த மரம் கஸ்தூரி குழந்தை மாதிரி வளர்த்தது என்பது இரண்டாவது மடக்கு குடிக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பி வந்தால் காவலர் விடவில்லை. “தம்பி, என்னைத் தெரியலயா?” என்றேன். தெரிகிறதாம். “பெராத்துரான், போஸ்,” அதாவது விதிமுறை முதலாளி என்று மலாயில் சொல்லி, பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். ‘செயலாளரே ஆனாலும் விடக் கூடாது, கம்புக்கு அடியில் குனிந்து நுழையக் கூடாது’ என்று எழுதி, அடியில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சரி, முறைப்படியே போகலாம் என்று சாவடி இயந்திரத்தின் முன் படம் எடுக்க நின்றேன். அதன் திரை வந்த காரணம் கேட்கிறது. கணவன் என்று ஒரு கட்டம் இல்லை, மச்சான்! உறவினர் என்று போட்டோம். ஒலிபெருக்கிப் பெட்டியில் கஸ்தூரியின் குரல் வந்தது. “என் உறவெல்லாம் பாலோவுலதான் இருக்கு.” பொருள் கொண்டுவருபவர் என்று போட்டோம். “நான் ஒண்ணும் ஆர்டர் பண்ணல.” கடைசியாகப் பழுது பார்ப்பவர் என்று போட்டோம். “பழுதாக்குனவரே அவருதான். மரத்துக்கு இங்க நிக்க உரிமையில்லன்னா மனுசனுக்கும் இல்ல!” காவலருக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ன சொன்னார் என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டார். உள்ளே விடச் சொன்னார் என்று நானும் கூசாமல் மொழிபெயர்த்தேன். திரை மறுப்பு என்று சிவப்பாக இருந்ததால் எடுபடவில்லை.

இதைவிட ஒரு அக்கிரமம் உண்டா? தன் வீட்டுக்குள் போக ஒரு மனிதன் ஒரு இயந்திரத்திடம் கெஞ்ச வேண்டுமா? இந்தச் செயலியைக் கொண்டுவந்தவன் யாராக இருந்தாலும், அது நானாகவே இருந்தாலும், மன்னிக்கக் கூடாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் கோபம்தான் எனக்கு வெயிலைவிட அதிகமாகச் சுடுகிறது. நீங்கள் அண்ணன், உங்கள் பேச்சைத் தட்டமாட்டாள். கடிதம் கண்டதும் ஒரு கருவேப்பிலைக் கன்றோடு புறப்பட்டு வந்து எனக்காக இரண்டு வார்த்தை பேசுங்கள். அடுத்த கூட்டத்திலேயே இந்தக் கம்பையும் செயலியையும் ஒழித்துவிடுகிறேன், இது சத்தியம்.

அக்காவையும் பிள்ளைகளையும் உங்கள் வீட்டுக் கோழிகளையும் கேட்டதாகச் சொல்லவும். முருகன் உங்களை என்றும் உங்கள் வீட்டுக்கு உள்பக்கமாகவே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வருகையாளர்,
கனகராஜ்

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேறு தாள் இல்லை, திருச்செல்வமோ காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார். கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கஸ்தூரியே சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து வந்து கம்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். “பசிச்சா உங்களுக்குத் தலை சுத்தும்னுதான் வந்தேன். சமாதானமெல்லாம் இல்ல,” என்றாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டாளாம். “நீங்களே அமுக்கிக்கிட்டு உள்ள போங்க,” என்று தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்தாள். அமுக்கினேன், கம்பு உயர்ந்தது, உள்ளே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தவளைக் காவலர் மறித்துவிட்டார். கையில் கைப்பேசி இல்லையே! இப்போது என் கையிலிருக்கும் திரையில் அவள் படம் விழுந்து, ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்கிறது. உண்மையைச் சொன்னால் இது மிகவும் நல்ல செயலி. எதையும் அவசரப்பட்டு ஒழிக்கக் கூடாது. நீங்கள் வர வேண்டாம், கன்றும் வேண்டாம். அவள் கொஞ்சம் இறங்கிப் பேசட்டும், அதுவரை யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்று சொல்லிவிட்டு, காவலரை உட்காரவைத்துத் தூக்கைத் திறந்து பரிமாற ஆரம்பித்துவிட்டாள்.